கட்டடத்தைச் சுவரில் மாட்ட முடியுமா? கட்டடக்கலைக் கண்காட்சிகள் பற்றி ஒரு வாக்குவாதம்

நிலைக்கதவு (இழையைத் தொடங்கியவர்)

கட்டடக்கலைக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். வருடா வருடம் பிள்ளைகளைக் கண்காட்சிகளுக்கு அழைத்துப் போவது வழக்கம். ஓவியக் கண்காட்சிக்குப் போனால் ஓவியம் இருக்கும், சிற்பக் கண்காட்சிக்குப் போனால் சிற்பம் இருக்கும். கட்டடக்கலைக் கண்காட்சியில் மட்டும் கட்டடம் இருக்காது. சுவர் முழுக்க பிளான், செக்‌ஷன், எலிவேஷன் என்று கோட்டு வரைபடங்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாடல். மூலையில் யாரும் உட்கார்ந்து பார்க்காத ஒரு வீடியோ. வெளிச்சமும் அரைகுறை. பிளான் படிக்கத் தெரிந்தவர்களுக்கே கொட்டாவி வருகிறது, மற்றவர்கள் மாடலோடு ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

என் கட்சி இதுதான்: இது தோற்றுப்போன வடிவம். அந்தக் காசில் ஒரு பஸ் பிடித்து ஆட்களை நேரே கட்டடத்துக்குக் கூட்டிப் போகலாம். இதில் கண்காட்சிக்குப் பொறுப்பான கியூரேட்டர் என்று ஒருவர் உண்மையில் என்னதான் செய்கிறார்? மறுப்பவர்கள் தாராளமாக வரலாம்.

சிமெண்ட்மூட்டை

சைட்டில் நாங்கள் டீ கிளாஸ் வைத்துக் கறையாக்கிய டிராயிங்கைத்தான் பிற்காலத்தில் ஃபிரேம் போட்டு மாட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இந்தத் துறைமேல் தனி மரியாதை. பஸ் யோசனைக்கு என் ஓட்டு.

காகிதப்பூச்சி

நான் ஒரு அருங்காட்சியகத்தில் காகிதப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். முதலில் அந்த அரைகுறை வெளிச்சத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திட்டு முழுக்க எங்கள் பக்கம்தான் வருகிறது.

காகிதத்தில் இருக்கும் வரைபடத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பதுதான் உலகம் முழுக்க அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. உங்கள் வகுப்பறையில் 300 லக்ஸாவது இருக்கும். வெளிச்சத்தால் வரும் சேதம் திரும்பாது, கூடிக்கொண்டேதான் போகும். 50 லக்ஸில் நாளைக்கு எட்டு மணி நேரம் என்று நூறு நாள் மாட்டினால் 40,000 லக்ஸ் மணி. அதே அளவு வெளிச்சத்தை உங்கள் வகுப்பறையில் அந்தத் தாள் பதினேழு நாளிலேயே வாங்கிவிடும். அதனால்தான் மூன்று நான்கு மாதத்துக்கு மேல் ஒரு வரைபடத்தை மாட்ட விடமாட்டோம். இறக்கியபின் வருடக்கணக்கில் இருட்டில் ஓய்வு.

கட்டடக்கலைத் தாள்கள் ஓவியத்தைவிடத் தொல்லை பிடித்தவை. யாரும் அவற்றைக் காலத்துக்கும் நிற்க வேண்டும் என்று வரையவில்லை. நீலத் தாளில் வெள்ளைக் கோடாக நகல் எடுத்த புளூபிரிண்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காகிதங்களை அமிலத்திலிருந்து காப்பாற்ற நாங்கள் காரத்தன்மை சேர்த்த உறைகளில் வைப்போம் இல்லையா, அதே உறையில் புளூபிரிண்ட்டை வைத்தால் நீலம் வெளுத்துவிடும். அதற்குத் தனி உறை வேண்டும். அப்புறம் அம்மோனியா வாடை அடிக்கும் டயஸோ பிரிண்ட்கள், புளூபிரிண்ட்டுக்குப் பின் வந்த நகல் வகை. அவை தானும் கெட்டு, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தின் கட்டு வந்து இறங்கினால் இவை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சுருட்டித்தான் வரும். பிரித்து அடுக்குவதற்கே மாதங்கள் போய்விடும்.

கியூரேட்டர் என்ன செய்கிறார் என்று கேட்டீர்கள். இப்படி வந்த ஆயிரக்கணக்கான தாள்களில் எந்த முப்பதை வெளியே எடுப்பது என்று முடிவு செய்கிறார். வேலையே அதுதான். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும் அலைச்சல்.

நிலைக்கதவு

வெளிச்சம் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முப்பதைத் தேர்ந்தெடுப்பது ஒரு தொகுப்பாசிரியர் வேலை. புத்தகமாகப் போட்டுவிடலாமே? கையில் வைத்து நல்ல வெளிச்சத்தில் பார்க்கலாம்.

காகிதப்பூச்சி

புத்தகமும் போடுகிறார்கள். ஆனால் தேர்வு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1932-ஐப் பாருங்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், அதாவது மோமா, அந்த வருடம் நவீனக் கட்டடக்கலைக்கு முதல் கண்காட்சி வைத்தது. அப்போது அவர்களுக்குச் சொந்தக் கட்டடம்கூட இல்லை, ஃபிஃப்த் அவென்யூவில் ஒரு வாடகை இடம். நடத்தியவர்கள் ஃபிலிப் ஜான்சன், ஹென்றி ரஸ்ஸல் ஹிட்ச்காக். ஜான்சனுக்கு 25 வயது. அவர் அப்போது ஆர்க்கிடெக்ட்டே இல்லை, பின்னால்தான் படித்தார். நவீனக் கட்டடக்கலையின் முன்னோடிகளான கொர்பூசியேயின் வில்லா சவோய், மீஸ் வான் டெர் ரோவின் டூகென்ட்ஹாட் வீடு, க்ரோபியஸின் பௌஹவுஸ் பள்ளிக் கட்டடம் எல்லாம் மாடலாகவும் பெரிய புகைப்படங்களாகவும் வந்தன. அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ஃபிராங்க் லாய்ட் ரைட் நடுவில் கோபித்துக்கொண்டு விலகப் பார்த்தார், விமர்சகர் லூயிஸ் மம்ஃபோர்ட் சமாதானம் பேசி நிறுத்தினார்.

அந்தக் கண்காட்சியில் தொழிலாளர் குடியிருப்பு பற்றி மம்ஃபோர்டின் பொறுப்பில் தனிப் பகுதி ஒன்று இருந்தது. இன்று அது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை, நீள ஜன்னல், ‘இன்டர்நேஷனல் ஸ்டைல்’ என்ற பெயர், இவை மட்டும் நின்றுவிட்டன. வீட்டு வசதி என்ற சமூகக் கேள்வியாகப் பிறந்தது அமெரிக்காவுக்கு ஒரு ஸ்டைலாகப் போய்ச் சேர்ந்ததில் அந்தக் கண்காட்சிக்குக் கணிசமான பங்கு உண்டு. நீங்கள் பிள்ளைகளுக்கு எடுக்கும் பாடத்தின் பாதி அங்கிருந்து வந்ததுதான், சார். தோற்றுப்போன வடிவம் என்கிறீர்கள். எனக்கென்னவோ தேவைக்கு மேலேயே ஜெயித்த வடிவமாகத் தெரிகிறது.

இழைப்புளி

மாடல் செய்து பிழைப்பவன் என்ற முறையில் அந்தக் கண்ணாடிப் பெட்டி பற்றி ஒரு வார்த்தை.

மாடல் மோசமாகத் தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் மேசையின் உயரம். 90 சென்டிமீட்டர் மேசையில் வைத்தால் பார்ப்பவர் மொட்டை மாடியைத்தான் பார்ப்பார். அது கட்டடத்தை விற்பவன் பார்க்கிற கோணம். அதே மாடலை 140-க்குத் தூக்கி வையுங்கள், கண் நேரே வாசலுக்குப் போகும், தூண்களுக்கு நடுவே ஊடுருவும். 1:50 மாடலில் 2.1 மீட்டர் கதவு 4.2 சென்டிமீட்டர். குனிந்து அதற்குள் பார்க்கிற குழந்தை கட்டாயம் உள்ளே போய்விடும். 1:200-க்குப் போனால் ஒரு மாடி ஒன்றரை சென்டிமீட்டர்தான், அதில் அறை தெரியாது, மொத்த உருவம்தான் தெரியும். எதைக் காட்ட வேண்டும் என்பதை முடிவு செய்யாமல் ‘நல்லா பெரிசா ஒரு மாடல்’ என்று கேட்பவர்களிடம்தான் எங்களுக்குத் தகராறே வரும்.

சக்கர நாற்காலியில் வருபவருக்கு 140 ஒத்துவராது என்பதும் உண்மை. நல்ல கியூரேட்டர் இரண்டு உயரத்தில் இரண்டு மாடல் கேட்பார். பட்ஜெட்காரர் ஒன்றை வெட்டுவார். எந்த ஒன்று என்பதில்தான் கடைசி வாரச் சண்டை.

சிமெண்ட்மூட்டை

மாடல் வேண்டாம், மீட்டிங் வேண்டாம். கட்டடத்தையே வெட்டி உள்ளே கொண்டுவந்துவிட்டால்? லண்டனில் செய்தார்களே.

நிலைக்கதவு

நானே அதைத்தான் அடுத்து எடுக்க இருந்தேன். கிழக்கு லண்டன் பாப்லரில் ராபின் ஹுட் கார்டன்ஸ் என்ற அரசுக் குடியிருப்பு. அலிசன், பீட்டர் ஸ்மித்ஸன் தம்பதி வடிவமைத்து 1972-ல் முடிந்தது. காப்பாற்றச் சொல்லி ரிச்சர்ட் ராஜர்ஸ், ஜாஹா ஹதீத் போன்ற பெரிய ஆர்க்கிடெக்ட்கள் எல்லாம் குரல் கொடுத்தார்கள், பலிக்கவில்லை. 2017-ல் இடிப்பு தொடங்கியபோது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதிலிருந்து மூன்று மாடி உயரத் துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டது. 2018-ல் அதன் பாகங்களை வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கண்காட்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இப்போது 2025-ல் திறந்த அவர்களுடைய கிழக்கு லண்டன் சேமிப்பகத்தில் பார்க்கலாம்.

குடியிருந்தவர்கள் எங்கே? அவர்கள் வீடு போனபின் அந்த வீட்டின் வாசல் அருங்காட்சியகத்தில். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலையாகப் படுகிறது எனக்கு.

காகிதப்பூச்சி

கிள்ளியது அருங்காட்சியகம் இல்லையே. இடிக்கும் முடிவு வேறு இடத்தில் எடுக்கப்பட்டது. ஆனாலும் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. துண்டு ஒன்று பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பு, இடிப்பவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதியைக் கொடுத்துவிடும்.

அதே அருங்காட்சியகத்தில் இன்னொரு பழைய உதாரணம் இருக்கிறது. 1873-ல் திறந்த வார்ப்புக் கூடம். ரோமில் இருக்கும் ட்ராஜன் தூணை பிளாஸ்டரில் அச்செடுத்து வைத்திருக்கிறார்கள். கூரை எட்டாததால் இரண்டு துண்டாக, பக்கத்தில் பக்கத்தில். தூணே இரண்டாக நிற்பதைப் பார்த்தால் முதலில் சிரிப்புதான் வரும். ஆனால் ரோமில் மேல் வரிச் சிற்பங்களைக் கீழே நின்று யாராலும் பார்க்க முடியாது, இங்கே மாடத்தில் ஏறி நின்றால் கண்ணுக்கு நேரே வரும். நகரத்துப் புகையில் அசல் அரித்தபின் அச்சில் மட்டும் மிஞ்சிய நுணுக்கங்களும் உண்டு. நேரே போய்ப் பார்ப்பதுதான் எப்போதும் மேல் என்ற உங்கள் வாதம் அங்கே ஆட்டம் காண்கிறது.

கொள்ளுப்பிட்டிச்சந்தி

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். நேரே போய்ப் பார்ப்பது பற்றி இவ்வளவு கதைத்துவிட்டு எங்கள் இலங்கை ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவாவை யாரும் எடுக்கவில்லையே.

பாவா தன் வேலையைப் பேச்சால் விளக்க முடியாது, அங்கே இருந்துதான் உணர வேண்டும் என்ற கட்சிக்காரர். நிலைக்கதவு ஐயாவின் கட்சி. அவருடைய ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்து ஷயாரி டி சில்வா ஒழுங்குசெய்த கண்காட்சிக்குத் தலைப்பே ‘அங்கே இருப்பது அவசியம்’ என்ற பொருளில்தான். 2022-ல் கொழும்பில், 2023-ல் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில். அங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஆக்களை வேறொரு கட்டடத்துக்குள் கூப்பிட்டு வரைபடம் காட்டுவது வேடிக்கைதான். ஆனால் அந்த வரைபடங்களைப் பார்த்தீர்களென்றால்! பாவா அலுவலகத்தில் மரத்தைப் பச்சை வட்டமாகப் போட்டுவிட்டுப் போகமாட்டார்கள். ஒவ்வொரு மரமும் அதன் கிளை, இலை, சரிவோடு வரையப்பட்டிருக்கும். லக்கி சேனநாயக்க போன்ற ஓவியர்கள் அங்கே இருந்தார்கள். சுவர் எங்கே வளைகிறது என்று பார்த்தால் அங்கே ஒரு மரம் நிற்கும். கட்டடத்துக்குள் நிற்கும்போது அந்த முடிவு கண்ணில் படாது, மரம் தானாக அமைந்தது போலத் தெரியும். தாளில்தான் எது முதலில் வந்தது என்பது தெரிகிறது.

அப்புறம், கட்டப்படாமலே போன வேலைகளும் அதில் இருந்தன. அவற்றுக்கு எந்த பஸ்ஸில் கூட்டிப்போவீர்கள்?

சிமெண்ட்மூட்டை

பஸ் ஓட்டை வாபஸ் வாங்குகிறேன்.

நிலைக்கதவு

கட்டப்படாததற்கு என்னிடம் பதில் இல்லை, அந்த அளவில் கண்காட்சி தேவைதான். ஆனால் கட்டி நிற்கும் கட்டடத்துக்கு? கொள்ளுப்பிட்டி, நீங்கள் ஏனா டி சில்வா வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். அது இடம் மாறியதாகக் கேள்வி.

கொள்ளுப்பிட்டிச்சந்தி

ஓம், அது பெரிய கதை. பத்திக் (மெழுகு வைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றும் கலை) கலைஞர் ஏனா டி சில்வாவுக்காக பாவா கட்டி 1962-ல் முடித்த வீடு. தெருவுக்கு முதுகைக் காட்டி, மதிலுக்குள் நடு முற்றத்தைச் சுற்றி எல்லா அறையும். நெருக்கமான நகரக் காணியில் எப்படி வாழலாம் என்பதற்கு அந்த வீடு கொடுத்த விடை பிறகு இலங்கையில் எத்தனையோ வீடுகளில் வந்துவிட்டது. காணி 2009-ல் ஒரு மருத்துவமனைக்கு விற்பனையானது. பாவா அறக்கட்டளை வீட்டைக் கல் கல்லாக, ஓடு ஓடாக, மரம் மரமாக அளந்து எண் போட்டுக் கழற்றி, தெற்கே பெந்தோட்டையில் பாவாவின் லுனுகங்கா தோட்டத்துப் பக்கத்தில் திரும்பக் கட்டியது. 2016-ல் திறந்தார்கள்.

எனக்கு அதில் சந்தோஷமும் உண்டு, ஒரு உறுத்தலும் உண்டு. அந்தக் கல் அதே கல்தான், கையால் தொடலாம். ஆனால் அந்த வீடு ஏன் உள்நோக்கித் திரும்பியிருந்தது? வெளியே கொழும்பு இருந்ததால். இப்போது வெளியே தோட்டமும் குளத்துக் காற்றும். யாரிடமிருந்து ஒளிய இந்த மதில் என்று புதிதாகப் போகிறவருக்கு விளங்காது. அங்கேதான் ஒருவர் நின்று, அல்லது சுவரில் ஒரு வரி எழுதி, இந்த வீட்டைச் சுற்றி முன்பு என்ன இருந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. உண்மையான கட்டடமே முழு அளவில் முன்னால் நின்றும் கியூரேட்டர் தேவைப்படுகிறார் பாருங்கள்.

இழைப்புளி

நம் பக்கத்தில், தென்னிந்தியப் பழைய வீடுகளை நிறுத்தியிருக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ராவும் இதே கேள்விதான். 1996-ல் திறந்தது. ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் ஆரம்ப யோசனைகளில் உதவினார், பென்னி குரியகோஸ் வீடுகளை நிறுத்தினார். மரவேலை பிரதானமான கேரள வீட்டைக் கழற்றிக் கொண்டுவரலாம், ஆப்பும் பொருத்தும்தான். செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த செட்டிநாட்டுச் சுவரை அப்படிக் கழற்ற முடியாது. தூண், கதவு, உத்தரம் வரும், சுவர் புதிதாக எழும்பும். எது வந்தது, எது இங்கே கட்டியது என்று வீட்டுக்கு வீடு தெளிவாக எழுதி வைத்தால் ஒரு தச்சனாக நான் இன்னும் சந்தோஷப்படுவேன். மற்றபடி பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து காற்று வாங்கியே வீட்டைப் புரிந்துகொள்ளும் இடம் அது.

மட்டப்பலகை (நெறியாளர்)

இழை நன்றாகப் போகிறது. ஒரு கேள்வி: கட்டடம் மட்டும்தானா? நாற்காலி, டம்ளர், எழுத்துரு இதெல்லாம்? அதைத் தனி இழையாகப் பிரிக்கவா?

காகிதப்பூச்சி

பிரிக்க வேண்டாம், அருங்காட்சியகத்தில் ஒரே துறைதான் இரண்டையும் பார்க்கிறது. அங்கே சிக்கல் நேர் எதிர். கட்டடம் உள்ளே வராது. டம்ளர் சுலபமாக வந்துவிடும், வந்த உடனே டம்ளராக இருப்பதை நிறுத்திவிடும். 1934-ல் மோமாவில் இதே ஜான்சன் பால் பேரிங், ஸ்பிரிங், புரொப்பெல்லர் எல்லாவற்றையும் சிற்பம்போல் பீடத்தில் வைத்தார். பார்க்க அழகுதான். ஆனால் அந்த பேரிங் எந்த இயந்திரத்தில் சுற்றியது, யார் கையில் எண்ணெய் பட்டது என்பது அறையில் இல்லை.

அதற்கு மாற்றாக எனக்குப் பிடித்தது ஃபிராங்ஃபர்ட் சமையலறை. மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி 1926-27-ல் அரசுக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்தது, சுமார் 10,000 சமையலறைகள் கட்டப்பட்டன. மோமா ஒன்றை வாங்கி 2010-ல் சமையலறை பற்றிய கண்காட்சியின் மையத்தில் வைத்தது. நின்று பார்த்தால் அளவு சட்டென்று உறைக்கும். ஏறக்குறைய 1.9-க்கு 3.4 மீட்டர். ஒரு ஆள் இரண்டு அடி வைத்தால் எல்லாம் கைக்கு எட்டும். இரண்டாவது ஆள் நுழைந்தால் இடிக்கும். சமையலறையில் ஒரு பெண் தனியாகத்தான் நிற்பாள் என்ற தீர்மானம் அந்த அளவிலேயே இருக்கிறது. இதைச் சொல்ல எந்த வரைபடமும் வேண்டாம்.

ஹாங்காங் எம் பிளஸ் அருங்காட்சியகம் இன்னும் ஒரு படி போய், ஷிரோ குராமாட்டா 1988-ல் வடிவமைத்த டோக்கியோ சுஷிக் கடை ஒன்றை முழுசாகக் கழற்றிக் கொண்டுவந்து கூடத்துக்குள் கட்டியிருக்கிறது. மீன் மட்டும் கிடையாது.

நிலைக்கதவு

சரி, என் கட்சியைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், விட்டுவிடவில்லை. பிளான் மாட்டுவது மட்டுமே கண்காட்சி என்று நினைக்கிறவர்கள்தான் என் எதிரி. மோமா 2022-ல் தெற்காசியக் கட்டடக்கலை பற்றி வைத்த கண்காட்சியை எடுத்துக்கொள்கிறேன். 1947-லிருந்து 1985 வரை, இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை. மார்ட்டினோ ஸ்டியர்லியும் அனோமா பியரிஸும் உள்ளிட்ட குழு. பி.வி. தோஷி, சார்ல்ஸ் கொரியா, மின்னெட் டி சில்வா, முஸாருல் இஸ்லாம், யாஸ்மின் லாரி என்று அந்தக் கால ஆர்க்கிடெக்ட்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். பழைய வரைபடங்களோடு ரந்தீர் சிங்கைக் கொண்டு புதிதாகப் புகைப்படங்கள் எடுக்க வைத்தார்கள், அதாவது அந்தக் கட்டடங்கள் இன்று இருக்கும் நிலையில்.

அதில் டெல்லி ஹால் ஆஃப் நேஷன்ஸும் உண்டு. ராஜ் ரேவல் வடிவமைத்து, மகேந்திர ராஜ் பொறியியல் பார்த்து, 1972 வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது. எஃகில் செய்ய வேண்டிய ஸ்பேஸ் ஃபிரேமை, அதாவது சட்டங்களை முப்பரிமாணத்தில் முக்கோணம் முக்கோணமாகக் கோத்த கூட்டை, இங்கே எஃகு விலையும் தட்டுப்பாடும் காரணமாக கான்கிரீட்டில், ஆள்பலத்தை வைத்து வார்த்தார்கள். 2017 ஏப்ரலில் ஒரே இரவில் தரைமட்டம். எங்கள் பிள்ளைகளை நான் எந்த பஸ்ஸில் ஏற்றினாலும் அங்கே கூட்டிப்போக முடியாது. நியூயார்க் கூடத்தில் அதற்கு இடம் கிடைத்தது, டெல்லியில் கிடைக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை. எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சிமெண்ட்மூட்டை

அந்த ஸ்பேஸ் ஃபிரேமை நான் காலேஜ் படிக்கும்போது நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு முடிச்சில் எத்தனை கம்பி வந்து சேரும் தெரியுமா? அதற்குள் கான்கிரீட் இறங்கி முழுசாக நிரம்ப வேண்டும். அந்த ஷட்டரிங்கை, அதாவது கான்கிரீட் வார்க்கும் அச்சை, எப்படிச் செய்தார்கள் என்று காட்டும் சைட் புகைப்படம் ஒன்று இருந்தால், நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவேன். ஆர்க்கிடெக்ட் போட்ட அழகான ஸ்கெட்ச் எனக்கு வேண்டாம். வார்த்தவன் முகம் தெரிகிற படம் வேண்டும். உங்கள் கியூரேட்டர்கள் அதை ஏன் எப்போதும் கடைசிச் சுவரில், சின்னதாக மாட்டுகிறார்கள்?

காகிதப்பூச்சி

நியாயமான அடி. ஒரு காரணம், ஆவணம் ஆர்க்கிடெக்ட் வீட்டிலிருந்து வருகிறது, ஒப்பந்தக்காரர் வீட்டிலிருந்து வருவதில்லை. மேஸ்திரி வீட்டில் ஆல்பம் இருந்தாலும் யாரும் போய்க் கேட்பதில்லை. கேட்கப் போவதும் கியூரேட்டர் வேலைதான், ஆனால் அதற்கு நாளும் பயணப்படியும் வேண்டும். கண்காட்சி பட்ஜெட்டில் கடன் வாங்கிய பொருளுக்கான காப்பீடு, மரப்பெட்டி, கூடவே வரும் ஆளின் செலவு இவை முதலில் தின்றுவிடும். ஒரு வரைபடம் வெளியூர் போனால் சுவரிலிருந்து இறக்கும் நொடியிலிருந்து திரும்ப மாட்டும் நொடிவரை காப்பீடு. பெட்டி வந்து சேர்ந்தாலும் உடனே திறக்கக் கூடாது, அந்த அறையின் வெப்பத்துக்குப் பழக ஒரு நாள் சும்மா கிடக்க வேண்டும். இதையெல்லாம் கட்டிமுடித்த பின் மேஸ்திரியைத் தேடப் பணம் மிஞ்சாது. காரணம் சொல்கிறேனே தவிர, சரி என்று சொல்லவில்லை.

பரணில்_கிடந்தது

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், ஒரு உதவி. தாத்தா பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். பரணில் தகரக் குழாய் ஒன்றில் அவருடைய வரைபடங்கள் கிடைத்தன. பள்ளிக்கூடம், பயணியர் விடுதி, ஒரு பாலம். சில நீலத்தாள், சில மெழுகு பூசிய துணிபோல வழவழவென்று இருக்கின்றன. ஊர் நூலகத்தில் சின்னதாக ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று ஆசை. லேமினேட் செய்துவிட்டால் பாதுகாப்பாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

காகிதப்பூச்சி

தம்பி, லேமினேட் வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டில் ஒட்டியது மறுபடி பிரியாது. செல்லோடேப்பும் கூடாது.

துணிபோல இருப்பது பெரும்பாலும் ட்ரேசிங் துணி, கஞ்சி ஏற்றிய லினன். தண்ணீர் பட்டால் கஞ்சி கரைந்து வரைபடமும் போய்விடும். பழைய டிராயிங் ஆபீஸ்களில் வேண்டாத தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக் கைக்குட்டையாக்கிக்கொள்வார்கள், அவ்வளவு நல்ல துணி. ஆகவே ஈரத்துணியால் துடைக்காதீர்கள். மெல்லிய மயிர்ப் பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள். சுருண்டதை வலுக்கட்டாயமாக நிமிர்த்தினால் விரிசல் விடும். நீலத்தாளைத் தனியாக எடுத்து வையுங்கள். பூச்சி ஓட்டை இருந்தால் அந்தத் தாள் மற்றவற்றோடு சேரக் கூடாது. தகரக் குழாய் துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் கட்டாதீர்கள், உள்ளே வியர்க்கும்.

நூலகத்தில் அசலை மாட்ட வேண்டாம். பெரிய ஸ்கேனர் உள்ள இடத்தில் தட்டையாக வைத்து ஸ்கேன் எடுத்து, அதே அளவில் அச்சிட்டு மாட்டுங்கள். அசல் ஒன்றே ஒன்று, ஜன்னல் இல்லாத சுவரில், ஒரு வாரம் போதும்.

இழைப்புளி

அந்தப் பாலம் இன்னும் நிற்கிறதா? நின்றால் அதற்கு ஒரு 1:100 மாடல் மவுண்ட் போர்டில் நான் செய்து தருகிறேன், காசு வேண்டாம். வரைபடத்தில் அளவு எழுதியிருக்கிற பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

பரணில்_கிடந்தது

நிற்கிறது அண்ணா, பஸ் இன்னும் அதன்மேல்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்து அனுப்புகிறேன்.

சிமெண்ட்மூட்டை

பாலத்தில் வேலை செய்தவர்கள் வீடு அக்கம்பக்கத்தில்தான் இருக்கும், தம்பி. தாத்தா காலத்து மேஸ்திரி பெயரை ஊர்ப் பெரியவர்களிடம் இப்போதே விசாரித்து வையுங்கள். ஆல்பம் கிடைத்தால் முதல் சுவரில் மாட்டுங்கள், பெரிதாக.